ஜோஷ் மெஷினும் டர்போ வெர்னாவும்

டர்போ கார் என்று பேச்செடுத்தாலே நம்ம பசங்க சுப்ரா, பிஎம்டபிள்யூ எம்4 என்று ரெண்டு கதவு கூப்பேக்குப் போயிடுவாங்க. வரதராஜன்பேட்டையில் அதெல்லாம் வேலைக்காகாது. குடும்பத்தோட வேளாங்கண்ணிக்குக் கிளம்பினா அத்தை எங்கே உட்காருவாங்க? அதனால இங்கே சண்டை ரெண்டு நாலு கதவு கார்களுக்கு நடுவில். ரெண்டுமே ஒரே வீட்டு வாசலில் நிற்குது. அப்பாவோடது 2001ல் பதிவான ஃபோர்டு ஐகான் 1.6. மகனோடது 2023ல் வந்த ஹூண்டாய் வெர்னா டர்போ. அது மறைமலைநகர், இது இருங்காட்டுக்கோட்டை. ரெண்டும் நம்ம தமிழ்நாட்டுச் சரக்குதான்!

ஐகான் 1999 கடைசியில் வந்தபோது விளம்பரத்திலேயே அதுக்குப் பேர் "ஜோஷ் மெஷின்". சுமார் 92 குதிரைசக்தி. இன்னிக்கு இந்த எண்ணைச் சொன்னால் சிரிப்பாங்க. ஆனா வண்டியின் எடை ஏறத்தாழ ஒரு டன்தான், சிலிண்டருக்கு ரெண்டே வால்வு, கீழ் ஆர்.பி.எம்.மிலேயே நல்ல இழுவை. அதோட ஸ்டீயரிங்! ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் என்பதால் ரோட்டில் இருக்கிற சின்னக் கல்லும் கைக்குத் தெரியும். முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஆண்டிமடம் போகும் ரோட்டில் இதை ஓட்டினவங்களுக்கு விளக்கம் தேவையில்லை.

வெர்னா டர்போவில் 1.5 லிட்டர் இன்ஜின்தான், ஐகானை விடச் சின்னது. ஆனா 160 குதிரைசக்தி, 253 நியூட்டன் மீட்டர் டார்க். ஐகானுக்கு டார்க் 130 சொச்சம்தான். எப்படி? புகைபோக்கி வழியா வீணாப் போகிற வாயுவே ஒரு சக்கரத்தைச் சுத்துது. அதோட ஒரே தண்டில் இருக்கிற இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுது. காற்று கூடினா பெட்ரோலும் கூட்டி எரிக்கலாம். அவ்வளவுதான் சூட்சுமம். பழைய டர்போக்களில் மிதிச்சு ஒரு மூச்சு விட்ட பிறகுதான் வண்டி பாயும். இதில் 1500 ஆர்.பி.எம்.மிலேயே முழு டார்க்கும் வந்துடும்.

வெளிநாட்டு கூப்பேக்களிலும் இதே கதைதான். 2000ல் வந்த பிஎம்டபிள்யூ எம்3, டர்போ இல்லாமலே 343 குதிரைசக்தி கொடுத்தது. ஆனா அதைத் தொட 7900 ஆர்.பி.எம். வரை விரட்டணும். 2014ல் வந்த எம்4 டர்போவில் அந்த விரட்டலுக்கே வேலையில்லை. ஸ்பீக்கர் வழியா இன்ஜின் சத்தத்தைக் கூட்டிக் கேட்க வைத்தார்கள் என்பதும் உண்மை. (கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்குப் பதில் கேசட் போட்ட மாதிரி!)

சரி, மேட்டருக்கு வருவோம். ஜெயங்கொண்டம் – அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி, சிமெண்ட் லாரி வரிசை கட்டிப் போகும். முன்னால் லாரி, எதிரே தூரத்தில் பஸ். ஐகானில் மூணாவது கியருக்கு இறக்கி, கணக்குப் போட்டு, ஹாரன் அடிச்சுத் தாண்டணும். வெர்னாவில் காலை அழுத்தினா போதும். எதிர் வரிசையில் இருக்கிற நேரம் சில வினாடி குறையும், அந்தச் சில வினாடிதான் உயிர். 2023 அக்டோபரில் வந்த குளோபல் என்கேப் மோதல் சோதனையில் வெர்னாவுக்கு 5 நட்சத்திரம், ஆறு ஏர்பேக். பெரும்பாலான ஐகான்களில் ஒரு ஏர்பேக் கூடக் கிடையாது. சுகத்தில் ஐகான் ஜெயிக்கலாம், இந்த இடத்தில் அதுக்காக வாதாடவே முடியாது.

அதே சமயம் அந்தச் சுலபத்திலும் ஒரு வில்லங்கம் இருக்கு. 80ல் போறதும் 120ல் போறதும் வெர்னாவில் ஒரே மாதிரிதான் தெரியும். ஐகான் சத்தம் போட்டே எச்சரிக்கும்.

அப்பாவுக்கு இப்போ வந்திருக்கிற தலைவலி வேகம் இல்லை. ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதா 2021ல் அறிவித்தது, 2022ல் மறைமலைநகர் ஆலையில் உற்பத்தி நின்றது. ஐகானோ அதுக்கு முன்னாடியே 2011ல் முடிஞ்ச கதை. ஒரு சின்ன பாகத்துக்கும் சென்னையில் பழைய சாமான் கடைக்கு ஆள் விடணும். அடுத்தது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் கால ரப்பர் ஹோஸ், சீல் எல்லாம் இதுக்காகச் செய்தவை இல்லை. மூணாவது, பதிவுப் புதுப்பிப்பு. 15 வருஷம் முடிஞ்சு 2016ல் ஒரு தடவை, 2021ல் ஒரு தடவை ஆச்சு. அடுத்தது 2026 கணக்கு. 20 வருஷம் தாண்டின காருக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக்கிட்டாங்க.

"வித்துடலாம்ப்பா, காயலான் கடைக்காரன் கூட யோசிப்பான்" என்பது மகன் கட்சி.

"உன் வண்டிக்கு 20 வருஷம் ஆகட்டும், அப்ப பேசலாம் தம்பி" என்பது அப்பா பதில்.

மகனால் இதுக்குப் பதில் சொல்ல முடியலை. டர்போ சுத்துற வேகமும் தாங்குற சூடும் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆயிலை நேரத்துக்கு மாத்தலைன்னா முதலில் அடி வாங்குறதும் அதுதான். கூடவே டைரக்ட் இன்ஜெக்‌ஷன், கண்ட்ரோல் யூனிட், சென்சார் கூட்டம். 2043ல் ஜெயங்கொண்டத்து மெக்கானிக் ஸ்பானரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

கடைசியில் வீட்டில் ஒரு ஏற்பாடு ஆகியிருக்கு. அம்மாவை செக்கப்புக்குத் திருச்சிக்குக் கூட்டிப் போறது, ராத்திரிப் பயணம், லாரி ரோடு எல்லாம் வெர்னாதான். இதில் அப்பாவும் மறுபேச்சு பேசலை. ஐகானுக்கு பெட்ரோல் ஹோஸ் முழுசும் மாத்திப் புதுப்பிக்கணும், அந்தப் பத்தாயிரம் அப்பா பென்ஷனில் இருந்து. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு அதுதான் போகும், சாவி அப்பாகிட்ட.