எங்கிருந்து எடுத்தாய்?



நம் இல்லத்துப் பிள்ளையொன்று கல்லூரியில் பட்டப்படிப்பிற்குச் சேர்ந்துவிட்டால் உற்றாரும் ஊராரும் மூன்று கேள்விகளைக் கேட்பர். எந்தக் கல்லூரி? எத்தனை மதிப்பெண்? முடித்தால் என்ன வேலை? மூன்றுமே தேவையான கேள்விகள்தாம். ஆயினும் நான்காவதாக ஒரு கேள்வி உண்டு. "நீ எதைக் கண்டறிய விரும்புகிறாய்?" என்பதே அது. அதை நாம் கேட்பதில்லை, பிள்ளைகளும் எதிர்பார்ப்பதில்லை.

ஆராய்ச்சி என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுபவர் நரை விழுந்த பேராசிரியர். முதுகலை முடித்து, அதன்பின் பல்லாண்டு உழைத்து, முனைவர் பட்டம் பெறுவோருக்கு உரியது ஆராய்ச்சி என்று எண்ணியிருக்கிறோம். பதினெட்டு, பத்தொன்பது வயதில், இளங்கலைப் பட்டத்திற்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஆய்வகத்தில் அமர்ந்து ஒரு கேள்விக்கு விடை தேட முடியும், அதற்கு உதவித்தொகையும் கிடைக்கும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

நம் நாட்டில் இதற்கென வழிகள் உண்டு. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாதெமியும், டில்லியிலுள்ள இந்திய தேசிய அறிவியல் கழகமும், பிரயாக்ராஜிலுள்ள (முன்னாள் அலகாபாத்) தேசிய அறிவியல் கழகமும் சேர்ந்து கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம் ஒன்றை நடத்துகின்றன. தேர்ந்தெடுக்கப்படும் மாணவர் விடுமுறையில் இரண்டு மாதம் ஓர் அறிவியலாளரின் கீழ் இருந்து ஆய்வு செய்யலாம். 2008-ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய 'இன்ஸ்பயர்' திட்டத்தின் உயர்கல்வி உதவித்தொகை மற்றொன்று. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தம் கல்வி வாரியத்தின் தலைசிறந்த நூற்றில் ஒரு பங்கினருள் வந்து, அடிப்படை அறிவியல் பாடங்களைப் பயில்வோர்க்கு ஆண்டிற்கு 80,000 ரூபாய் என்று அது வகுக்கப்பட்டது. அதில் 20,000 ரூபாய் கோடையில் ஒரு வழிகாட்டியிடம் ஆய்வுப் பயிற்சி பெறுவதற்கே ஒதுக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். படிப்பதற்கு மட்டுமன்று, கண்டறிவதற்கும் தரப்படும் பணம் அது.

நான் மதரஸாவில் ஓதிக்கொடுப்பவன். கல்லூரியில் படித்ததோ வரலாறு. ஆய்வகத்தின் வாசலைக்கூட மிதித்தவனல்லன். அப்படிப்பட்ட நான் இதைப் பற்றி எழுதுவதற்குக் காரணம், சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓதிய பெண்பிள்ளை ஒருத்தி.

பாலாற்றங்கரையில் தோல் தொழிலே பிழைப்பாக உள்ள ஊர் எங்களுடையது. அவளுடைய தந்தையார் தோல் பதனிடும் தொழிற்சாலையில் முப்பதாண்டுக் காலம் உழைத்தவர். படித்தது ஐந்தாம் வகுப்பு. மகளை இளங்கலை வேதியியலில் சேர்த்திருந்தார். இரண்டாமாண்டு படிக்கும்போது அவள் தன் ஆசிரியையின் பரிந்துரையோடு கோடைக்கால ஆய்விற்கு விண்ணப்பித்தாள். சென்னையிலுள்ள ஓர் ஆய்வகத்தில் இடம் கிடைத்தது. கடிதம் வந்த அன்று மாலை, அஸர் தொழுகைக்குப் பின் தந்தையார் அதைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார்.

"ஹஜ்ரத், அனுப்பலாமா?" என்று கேட்டார்.

அவர் மார்க்கச் சட்டத்தை மட்டும் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். மூத்தவளின் திருமணக் கடன் தீரவில்லை. விடுமுறை நாட்களில் இளையவள் காலணியின் மேற்பகுதி தைக்கும் வேலைக்குச் சென்று வீட்டிற்கு நாலு காசு கொண்டு வருவாள். இரண்டு மாதக் கூலி போய்விடும். ஊரார் என்ன சொல்வார்களோ, நாளை பெண் கேட்டு வருபவர்கள் என்ன நினைப்பார்களோ என்னும் அச்சமும் இருந்தது. இவற்றையெல்லாம் அற்பக் கவலைகள் என்று ஒதுக்கிவிட முடியாது. வறுமையும் மானமும் ஒருங்கே உள்ள எந்தத் தகப்பனுக்கும் அவை நியாயமான கவலைகளே.

நான் அவரை அமரச் செய்து இமாம் அபூயூசுப் (ரஹ்) அவர்களின் வரலாற்றைச் சொன்னேன். கூஃபா நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பாடசபையில் இளைஞராக அமர்ந்திருந்தார். வீட்டிலோ வறுமை. 'உழைத்துச் சம்பாதிக்க வேண்டிய நீ அங்கே உட்கார்ந்திருக்கலாமா?' என்று பெற்றவர் தடுக்க, அவருடைய வருகை குறைந்தது. மாணவர் ஏன் வரவில்லை என்று விசாரித்தறிந்த இமாமவர்கள், நூறு திர்ஹம் கொண்ட பை ஒன்றைக் கொடுத்து, தீர்ந்ததும் சொல்லும்படிக் கூறிப் பாடத்திற்கு வரச் செய்தார்கள். தொடர்ந்தும் கொடுத்து வந்தார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. துணி வணிகம் செய்து ஈட்டிய பணத்தில் இமாமவர்கள் அளித்த உதவித்தொகை அது! அந்தச் சபையோ வெறும் பாடம் ஒப்பிக்கும் இடமன்று. ஒரு பிரச்சினையை நடுவில் வைத்து, மாணவர்கள் ஆளுக்கொரு கருத்தைச் சொல்லி வாதிட்டு, முடிவு கண்ட பின்னரே எழுதுவார்கள். அந்த ஏழை இளைஞர் பின்னாளில் கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் ஆட்சியில் தலைமை நீதிபதியானார். அரசின் வரிமுறை பற்றி அவர் எழுதிய 'கிதாபுல் கராஜ்' இன்றும் வாசிக்கப்படுகிறது. பெற்றவருடைய கவலை நியாயமானதுதான்; ஆனால் அந்தப் பை வராதிருந்தால் இந்த உம்மத் இழந்திருப்பது எவ்வளவு!

அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "பெரியமேட்டில் என் மைத்துனி வீடு இருக்கிறது. அவள் அங்கே தங்குவதென்றால் மனம் ஒப்பும்" என்றார். அண்ணன் உடன் சென்று விட்டுவருவது என்றும், வாரம் ஒருமுறை வீட்டார் சென்று பார்ப்பது என்றும் முடிவாயிற்று. உதவித்தொகையைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, தையல் கூலியில் ஏற்படும் இழப்பை அது ஈடுசெய்யும் என்றும் தெரிந்தது. கவலைகளைக் கண்டு அஞ்சாமல் ஒவ்வொன்றாக எடுத்து அமர்ந்து பேசினால், பெரும்பாலானவற்றிற்கு வழி பிறக்கிறது.

அங்கே அவளுக்குத் தரப்பட்ட கேள்வி எங்கள் ஊரின் கேள்வியாகவே அமைந்தது அல்லாஹ்வின் ஏற்பாடு. தோலைப் பதனிடக் குரோமிய உப்பைப் பயன்படுத்துகிறார்கள். சேர்க்கப்படும் குரோமியம் முழுவதும் தோலில் ஏறுவதில்லை. கணிசமான பகுதி நீரிலேயே தங்கிக் கழிவோடு போகிறது. பாலாற்றுப் படுகையின் நிலமும் கிணறும் கெட்டதும், 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் குறித்துக் கடுமையான தீர்ப்பு வழங்கியதும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நீரின் அமிலத் தன்மையைச் சற்றே மாற்றினால் தோலில் ஏறும் குரோமியம் எவ்வளவு கூடும், நீரில் தங்குவது எவ்வளவு குறையும் என்று அளந்து பார்ப்பதே அவள் பணி.

முதல் மாதம் சிறு சிறு தோல் துண்டுகளை ஊறவைப்பதும், நீரை வடித்து அளப்பதும், குறித்துக்கொள்வதுமாகக் கழிந்தது. பின்னர் ஓர் இடர்ப்பாடு வந்தது. ஒரே அளவு அமிலம், ஒரே அளவு குரோமியம், ஒரே நேரம். விடை மட்டும் ஒவ்வொரு முறையும் வேறாக வந்தது. தன் கை சரியில்லை என்று எண்ணி அழுதிருக்கிறாள். வழிகாட்டியான அறிவியலாளர் அவளுடைய ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இந்தத் துண்டுகளை எங்கிருந்து எடுத்தாய்?" விடையை அவர் சொல்லவில்லை, அவளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அன்றிரவு தொலைபேசியில் தந்தையாரிடம் இதைச் சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டார். "வயிற்றுத் தோலும் முதுகுத் தோலும் ஒன்றாம்மா? வயிற்றுப் பக்கம் தளர்ச்சியாயிருக்கும். முதுகுப் பக்கம் இறுக்கமாயிருக்கும். சாயமே ஒன்றுபோலப் பிடிக்காதே! நீ எங்கிருந்து எடுத்தாய்?" என்று அவரும் கேட்டார். முப்பதாண்டு ஈரத் தோலைப் புரட்டிய கைகளுக்குத் தெரிந்திருந்த உண்மை அது. மறுநாள் முதல் ஒரே தோலின் முதுகுப் பகுதியிலிருந்து மட்டும் துண்டுகளை எடுத்து, எல்லாவற்றையும் மீண்டும் தொடங்கினாள். இம்முறை எண்கள் ஒன்றோடொன்று ஒத்துவந்தன.

இதை அவள் என்னிடம் வந்து சொன்னபோது என் உள்ளம் சிலிர்த்தது. 'எங்கிருந்து எடுத்தாய்?' என்பது நம் முன்னோர் கேட்ட கேள்வியன்றோ! ஹதீஸ் கலை முழுவதும் அந்தக் கேள்வியின்மீதே எழுந்து நிற்கிறது. ஒருவர் ஒரு செய்தியைச் சொன்னால், யாரிடம் கேட்டீர், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்ததுண்டா, அவருடைய நினைவாற்றல் எத்தகையது என்று ஆராய்ந்த பின்னரே ஏற்றார்கள். நபித்தோழர் ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரேயொரு ஹதீஸை அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரலி) அவர்களின் வாயால் நேரில் கேட்பதற்காக ஒட்டகம் வாங்கி, ஒரு மாதப் பயணம் மேற்கொண்டு ஷாம் தேசம் சென்றார்கள். ஒரு செய்திக்கு ஒரு மாதம்! நம் பிள்ளை ஓர் உண்மைக்காக இரண்டு மாதம் செலவிடுவதை நாம் வீண் என்று எண்ணலாமா?

பாடநூல் படிப்பில் விடை முன்னரே இருக்கிறது. மாணவர் அதைத் திருப்பிச் சொன்னால் போதும். ஆய்வில் விடை இல்லை. 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லும் துணிவு முதலில் வேண்டும். தெரிந்ததுபோல் எழுதிவிடாத நேர்மை அடுத்து வேண்டும். மீண்டும் மீண்டும் செய்து பார்க்கும் பொறுமை அதற்கடுத்து வேண்டும். துணிவு, நேர்மை, பொறுமை ஆகிய மூன்றையும் நான் மதரஸாவில் பாடமாகச் சொல்கிறேன். அவள் அங்கே பழக்கமாகக் கற்றுவந்தாள். எந்தச் செய்தி வந்தாலும் விசாரிக்காமல் பரப்பிவிடும் இக்காலத்தில், இப்படிப் பழகிய பிள்ளை ஒன்று வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு!

மகத்தான கண்டுபிடிப்பு எதையும் அவள் நிகழ்த்திவிடவில்லை. அவள் கண்டது சிறிய முன்னேற்றம். அதையும் இன்னும் பலமுறை சோதிக்க வேண்டும் என்றே அறிக்கையில் எழுதியிருந்தாள். ஆனால் அதன் முதற்பக்கத்தில், நன்றிக்குரியோர் வரிசையில், வழிகாட்டியின் பெயருக்கு அடுத்துத் தந்தையின் பெயர் இருந்தது. அவர் அந்தப் பக்கத்தை மட்டும் படியெடுத்துக் கண்ணாடி போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்.

இளமையில் கிடைக்கும் இத்தகைய வாய்ப்பு எங்கே இட்டுச் செல்லும் என்பதற்கு நாடறிந்த சான்றும் உண்டு. இராமேசுவரத்தைச் சேர்ந்த டாக்டர் அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேரப் பணமின்றித் தவித்தபோது, அவருடைய அக்கா ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அங்கே மாணவராயிருக்கையில், தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி அவர் குழுவிற்குத் தரப்பட்டது. வேலை சரியாக நடக்காததைக் கண்ட பேராசிரியர் சீனிவாசன், மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்று எச்சரித்தார். கலாம் இரவு பகலாக உழைத்து முடித்தார். அக்காவின் நகை, உதவித்தொகை, கண்டிப்பான ஆசான் ஆகிய மூன்றும் சேர்ந்தே அந்த மாணவரை உருவாக்கின.

வாசகர்களே! எல்லா வீட்டிலும் அடகு வைக்க நகை இருக்காது. அரசின் திட்டங்களும் நிலையானவையல்ல. அறிவியலில் ஆர்வமுள்ள மாணவர்களுக்காக 1999-இல் தொடங்கிய 'கிஷோர் வைக்ஞானிக்' உதவித்தொகை 2022-இல் இன்ஸ்பயர் திட்டத்தோடு இணைக்கப்பட்டுத் தனித்தேர்வு நின்றது. சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்காக 2009-இல் வந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையும் 2022-இல் நிறுத்தப்பட்டது. ஆகவே இருப்பவற்றைப் பயன்படுத்திக்கொள்ள விரைவதும், இல்லாதவற்றிற்கு நாமே ஏற்பாடு செய்வதும் கடமையாகின்றன.

பெற்றோரே, பிள்ளையின் இரண்டு மாத விடுமுறையை அவனுடைய, அவளுடைய வாழ்வில் செய்யும் முதலீடாக எண்ணுங்கள். கல்லூரி ஆசிரியப் பெருமக்களே, உங்களுடைய ஒரு பரிந்துரைக் கடிதம் ஒரு குடும்பத்தின் திசையை மாற்றும்; கேட்கத் தயங்கும் மாணவரை நீங்களே அழைத்து எழுதிக் கொடுங்கள். ஜமாஅத் பொறுப்பாளர்களே, கல்வி உதவி என்று நாம் கட்டணத்தை மட்டுமே கருதுகிறோம். ஆய்விற்குச் செல்லும் மாணவரின் பயணச் செலவையும், தங்கும் செலவையும், வீட்டில் குறையும் கூலியையும் அதில் சேருங்கள். தகுதியுள்ள ஏழைக்கு ஜகாத்திலிருந்தும், மற்றவர்க்கு ஸதகாவிலிருந்தும் கொடுக்கலாம். ஆண்டிற்கு ஓர் ஊரில் ஒரு பிள்ளை என்று தொடங்கினாலும் போதும். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும் அந்தப் பையை ஒரு மாணவரின் கையில்தான் கொடுத்தார்கள்.

பயனுள்ள அறிவையும், அதைத் தேடும் பிள்ளைகளையும், அவர்களுக்குத் துணை நிற்கும் உள்ளங்களையும் நம் சமுதாயத்திற்கு வல்ல அல்லாஹ் நிறைவாக வழங்குவானாக! ஆமீன்.