கணக்கில் வராத கோல்

2015 செப்டம்பர் 8. உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று. ஷா ஆலாம் அரங்கில் சவுதி அராபியா 2-1 என முன்னிலை. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது ரசிகர் பக்கமிருந்து ஃபிளேர்களும் புகைக்குண்டுகளும் திடலில் வந்து விழுந்தன. நடுவர் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்.

காம்பாரில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. ஐந்து நாளுக்கு முன்புதான் ஐக்கிய அரபு சிற்றரசிடம் 10-0 என்று தோற்றிருந்தோம். "சங்கத்துக்கு வேற எப்படித்தான்பா உறைக்கும்?" என்றான் தம்பி. தோட்டத்துத் திடலில் வெறுங்காலோடு பந்து விளையாடி வளர்ந்த அப்பா விடவில்லை. "கோபம்னா சங்கத்துல போய்க் கேளு. திடல்ல ஓடுறவன் என்னடா பண்ணான்?"

தம்பியின் ஆத்திரம் பொய்யில்லை. ஆனாலும் நான் அப்பா கட்சி. டோல்லா சாலே விலகி, ஓங் கிம் சுவீ பொறுப்பேற்ற முதல் ஆட்டம் அது. 10 கோல் வாங்கிய அணி, அன்று ஒரே கோல் பின்தங்கி நின்றது. சமன் செய்ய நேரமும் இருந்தது. அந்த நேரத்தைப் பறித்தது எதிரணி இல்லை, நம் ஆட்கள்தான்.

பிறகு ஃபீஃபா, சவுதி 3-0 என வென்றதாக அறிவித்தது. நாம் அடித்த கோல் கணக்கிலேயே இல்லை. வானொலியில் காற்பந்துப் பேச்சு வந்தால் நேயர்கள் இன்றும் அந்த 10-0ஐத்தான் சொல்கிறார்கள்.