அண்ணாவின் டர்போவும் என் சமவுயரக் கோடும்

கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் அண்ணா எழுதி வைத்திருந்தார்: "18. டிடி05. 3 இலட்சம்." அதற்குக் கீழே பெரிய கேள்விக்குறி. சாப்பாட்டு மேசையில் அதைப் பார்த்த அம்மா ஏதோ சீட்டுக்காசு கணக்கு என்று நினைச்சிட்டா. எனக்கு மட்டும்தான் தெரியும், அது கார்க் கணக்கு.

கார் என்றதும் பெரிசா ஒன்றும் கற்பனை பண்ணாதீங்க. அப்பா வைத்திருந்த பழைய டொயோட்டா ஸ்டார்லெட், ஈபி82. 2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகனம் இறக்குவதை நிறுத்தினார்கள். சாதாரண ஆட்கள் ஓடும் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருசமும் பழைய காருக்குத் தங்கம் மாதிரி விலை. புதுசு வாங்க வழியில்லாதவர்கள் இருக்கிறதையே புதுசாக்கிப் பார்த்தார்கள். அண்ணாவும் அப்படித்தான். ஸ்டார்லெட்டின் ஜீடி மொடலில் வந்த 4ஈ-எஃப்டீஈ எஞ்சின் ஒன்றை, ஜப்பானில் கழற்றி இறக்கியதை, வாங்கி ஏற்றினார். 1331 சீசீதான், ஆனால் டர்போவோடு 135 குதிரைவலு. ஏற்றின மூன்றாம் மாதமே பின்னால் நீலப்புகை. எஞ்சினோடு வந்த பழைய டர்போ எண்ணெய் குடிக்கத் தொடங்கியிருந்தது.

மாற்றத்தான் வேணும். எதைப் போடுவது என்பதுதான் அந்தக் கேள்விக்குறி.

டர்போ என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: எஞ்சினிலிருந்து வெளியே போகும் சூட்டுப் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மற்ற முனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் கூடவே பெற்றோலும் கூடலாம், வலுவும் கூடும். பின்னேரம் ஐந்தரைக்கு 138 பஸ்ஸில் கொண்டக்டர் "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க" என்று ஆட்களை அடைக்கிறாரே, அதே வேலை. வீணாய்ப் போகும் புகையிலிருந்து வலு எடுக்கும் இந்த யோசனைக்கு அல்ஃபிரெட் பூசி என்ற சுவிஸ் பொறியியலாளர் 1905இலேயே காப்புரிமை எடுத்துவிட்டார்.

எங்கட நாட்டில் டர்போ பரவினதுக்கு வேகத்தைவிட வரி பெரிய காரணம். இங்கே இறக்குமதி வரியில் எஞ்சினின் சீசீ ஒரு பெரிய அளவுகோல். ஆயிரத்துக்குக் கீழே நின்றால் தப்பலாம். அதனால்தான் 988 சீசீ டர்போ எஞ்சினோடு ஹொண்டா சிவிக் வந்தது, 996 சீசீயில் டொயோட்டா ரைஸ் வந்தது. மூன்று சிலிண்டர் எஞ்சின் ஒன்று பெரிய காரை இழுக்க டர்போ இல்லாமல் முடியாது. கொழும்பில் பலருக்கு டர்போவைத் தெரிவு செய்து கொடுத்தது சுங்கத் திணைக்களம்தான் என்று நான் சொன்னால் அண்ணா சிரிப்பார்.

ஆனால் அண்ணாவுக்கு அப்படி யாரும் தெரிவு செய்து கொடுக்கவில்லை. முன்னால் மூன்று வழி. ஒன்று, பழையது மாதிரியே சின்ன டர்போ, சிடி9. இரண்டாவது, நடுத்தரம், மிட்சுபிஷியின் டிடி04. மூன்றாவது, லான்சர் எவோவில் வந்த டிடி05. அவர் மனசு மூன்றாவதில். வட்ஸ்அப் குறூப்பில் எல்லாரும் அதைத்தான் சொன்னார்களாம்.

"நீ மெப் படிக்கிறவதானே? இதை வாசிச்சுச் சொல்லு" என்று ஃபோனை நீட்டினார்.

நான் கலைப்பீடத்தில் புவியியல். எஞ்சினுக்கும் எனக்கும் உள்ள உறவு பெற்றோல் செட்டில் காசு கொடுப்பதோடு சரி. ஆனால் ஃபோனில் இருந்தது கொம்ப்ரசர் மெப். பார்த்ததும் பிடிபட்டது. அச்சு அசலாக சமவுயரக் கோடுகள்! முதலாம் வருசத்தில் இடவிளக்கப் படத்தில் பென்சிலால் கீறிக் கீறிச் செத்த அதே வளையங்கள். கிடை அச்சில் நிமிடத்துக்கு எவ்வளவு காற்று. நிலை அச்சில் அந்தக் காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது. உள்ளே உள்ள வளையங்கள் வினைத்திறன். நடு வளையம் மலை உச்சி மாதிரி. அங்கே டர்போ சுகமாய் வேலை செய்யும். இடப்பக்க எல்லையைத் தாண்டினால் காற்று முன்னுக்கும் பின்னுக்கும் அடிபடும், அதுதான் சர்ஜ். வலப்பக்கம் தாண்டினால் மூச்சு முட்டும். சக்கரம் சுற்றுவது கூடும், காற்று கூடாது, சூடுதான் கூடும். உங்கள் எஞ்சின் கேட்கும் புள்ளிகள் உச்சியைச் சுற்றி விழுகிற டர்போதான் உங்களுக்குரியது. சின்னதா பெரிசா என்ற சண்டையெல்லாம் அதுக்குப் பிறகு.

புள்ளியைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருதடவை தன் முழுக் கொள்ளளவுக்கும் காற்றை இழுக்கும். 7000 சுற்றில் 1.331 லீற்றரை 3500 தடவை. முழுசாய் நிரம்பாது, 90 வீதம் என்று வைப்போம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 4190 லீற்றர். அதைச் சாதாரண காற்றைப்போல 1.8 மடங்குக்கு அமுக்கி, இன்டர்கூலரில் ஆறவிட்டால், எடை எட்டே கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. இந்த மெப்புகளில் கணக்கு இறாத்தலில், பாண் மாதிரி. ஆகவே 18 இறாத்தல். ஒரு இறாத்தல் காற்றுக்குப் பத்து குதிரைவலு என்பது கராஜ்காரர்களின் குத்துமதிப்பு. 180. அண்ணாவின் பில்லில் இருந்த 18 இதுதான். கணக்குச் சரி.

சரிதான், கொழும்புக்கு.

அண்ணா காரைக் கொண்டுபோக ஆசைப்பட்டது நுவரெலியாவுக்கு. ஏப்ரல் சீசனில் நடக்கும் மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி, 1930களில் தொடங்கியது. அப்பா சின்ன வயசில் பார்த்துவிட்டு வந்து சொன்ன கதைகளில் வளர்ந்தவர் அண்ணா. ஒருதடவையாவது அந்த ஏற்றத்தில் ஸ்டார்லெட்டை ஓட்டிப் பார்க்க வேணும். அவ்வளவுதான் அவருடைய கனவு.

நுவரெலியா 1868 மீற்றர். அங்கே வளியமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதில் கிட்டத்தட்ட 80 வீதம். ஓ.எல். புவியியலிலேயே இருக்கிற விசயம். அதே 1.8ஐ அங்கே எடுக்க வேணுமென்றால் 0.8ஆல் பிரிக்க வேணும்: 2.25 மடங்கு. காற்றும் மெல்லிசு. அதே 18 இறாத்தலைப் பிடிக்க டர்போ இன்னும் கூடின கனவளவை விழுங்க வேணும். கடல்மட்டக் காற்றுக்கு வரைந்த மெப்பில் அது 23 இறாத்தல் மாதிரி. புள்ளி மேலேயும் போகும், வலப்பக்கமும் போகும். பென்சிலால் குறித்தேன். சின்ன டர்போவின் மெப்பில் புள்ளி படத்துக்கே வெளியே. நடுத்தரத்தில் கடைசி வளையத்தின் ஓரத்தில். பெரியதில் மட்டும் வசதியாய் உள்ளே.

"பாத்தியா! டிடி05தான்" என்றார் அண்ணா, வெற்றிக் களிப்பில்.

அடுத்த நாள் கராஜுக்குப் போனோம். கிருலப்பனையில் ஹைலெவல் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கை. இரண்டு கார் நின்றால் மூன்றாவதுக்கு இடமில்லை. பாஸ் என் பென்சில் புள்ளிகளை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "நங்கி, உச்சத்தை மட்டும் குறிச்சிருக்கீங்க. வளைவால வெளிய வரக்குள்ள எஞ்சின் எத்தினை சுற்றில நிக்கும்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

அதை நான் யோசிக்கவே இல்லை. உச்சியை மட்டும் பார்த்துவிட்டு, அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையை மறந்த கதை. டிடி05இன் சக்கரம் பெரிசு, பாரம். 1.3 லீற்றர் எஞ்சினின் புகை அதைச் சுற்றியெடுக்க நேரம் எடுக்கும். இந்த எஞ்சினில் 4500 சுற்றுக்குக் கீழே அது சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் என்றார் பாஸ். நெருங்கி நெருங்கி வளைவு வரும் ஏற்றத்தில் ஒவ்வொரு வளைவிலும் சுற்று விழும். மிதித்துவிட்டுக் காத்திருக்க வேணும். காத்திருந்து வலு வரும்போது அடுத்த வளைவு வந்திருக்கும். வருவதும் மெல்ல வராது, முதுகில் உதைத்த மாதிரி வரும். முன்சக்கர இழுவைக் கார், ஈர ரோட்டு என்றால் நேரே பள்ளம்.

அப்போ நடுத்தரம். ஆனால் அதன் புள்ளி ஓரத்தில் நிற்குதே?

"180ஐ விடுங்க" என்றார் பாஸ்.

வேஸ்ட்கேட் என்று ஒரு கதவு இருக்கு. அமுக்கம் அளவுக்கு வந்ததும் மிச்சப் புகையை டர்போவைச் சுற்றாமல் வெளியே விடும். சாதாரண வேஸ்ட்கேட்டின் ஸ்ப்ரிங்குக்குக் கடல்மட்டம் எது, நுவரெலியா எது என்று தெரியாது. சுற்றியுள்ள காற்றைவிட 0.8 பார் கூட வந்தால் திறக்கும், அவ்வளவுதான். மலையில் அது 0.8உம் 0.8உம் சேர்ந்து 1.6. மெப்பில் சரியாய் 2 மடங்கு, 20 இறாத்தல். புள்ளி வளையத்துக்குள் திரும்பி வந்துவிட்டது. வலு 160. டர்போ இல்லாத கார் அந்த உயரத்தில் 20 வீதம் இழக்கும், எங்களுக்கு இழப்பு 11 வீதம்தான். மலையில் போய் "குறையுதே" என்று ஸ்ப்ரிங்கை இறுக்காமல் இருந்தால் டர்போ பிழைக்கும். ஏற்கெனவே நிமிடத்துக்கு ஒரு இலட்சத்துக்கும் மேலே சுற்றும் தண்டு அது.

அண்ணாவின் முகம் விழுந்துவிட்டது. 180 என்று குறூப்பில் எழுதியும் விட்டார் போல.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விசயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. அம்மா காரை வெறுக்கிற ஆள் இல்லை. ஆனால் 2024 ஏப்ரல் 21 எங்கள் வீட்டில் மறக்கிற நாள் இல்லை. தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ரேஸ், ஐந்து வருசத்துக்குப் பிறகு நடந்தது. பாதையை விட்டு விலகின கார் ஆட்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் செத்தார்கள், ஒரு சின்னப் பிள்ளையும். அண்ணாவும் கூட்டாளிமாரும் போகப் பேசியிருந்தார்கள், வேன் சரிவரவில்லை. அன்று பின்னேரம் அந்த வீடியோவை மூன்று பேரும் ஒரே ஃபோனில் பார்த்தோம். யாரும் ஒன்றும் கதைக்கவில்லை. செத்தவர்கள் ரேஸ் ஓடினவர்கள் இல்லை. பார்க்கப் போனவர்கள், வேலைக்கு நின்றவர்கள்.

அம்மா குதிரைவலு கேட்கவில்லை. "அது நிக்குமா?" என்று மட்டும் கேட்டா.

அண்ணாவிடம் பதில் இல்லை. ஸ்டார்லெட்டின் பிரேக் அப்பா காலத்துப் பிரேக். 75 குதிரை ஓடின வண்டியா, நூறு ஓடினதா, அந்தக் கணக்குக்குப் போட்டது. மூன்று இலட்சத்தில் ஒரு ரூபா கூட அதுக்கு ஒதுக்கவில்லை என்பதை அந்த நேரம்தான் நானும் கவனித்தேன். பில்லின் பின்பக்கத்தில் பிரேக் என்ற சொல்லே இல்லை. எனக்கும் வெட்கமாய்த்தான் இருந்தது. வளையமும் புள்ளியும் என்று ஒரு கிழமை நானும் சேர்ந்து துள்ளினேனே.

கடைசியில் டிடி04. பாவித்தது, ஜப்பானில் கழற்றினது. புதுசென்று பளபளப்பாய் மூன்றிலொரு விலைக்குக் கிடைக்கும் பிரதிகளைப் பாஸ் தொடவே விடவில்லை. பழசு வாங்குவதென்றால் என்ன பார்க்க வேணும் என்று எனக்கும் காட்டினார். தண்டின் முனையை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் மெல்லிய அசைவு இருக்கலாம், அது எண்ணெய் நிற்கிற இடம். உள்ளும் வெளியுமாய் இழுத்தால் அசையக் கூடாது. இறக்கைகளின் நுனி கூட்டில் உரசின தடம் இருக்கக் கூடாது. உள்ளே எண்ணெய் ஈரம் இருந்தால் அப்படியே வைத்துவிட்டு வரணும். மிச்சக் காசில் முன் பிரேக் டிஸ்க், பேட், புது எண்ணெய்க் குழாய். பழைய டர்போ செத்ததுக்குக் காரணமே கரி பிடித்து அடைத்த எண்ணெய்க் குழாய்தான். அதை மாற்றாமல் எந்த டர்போவைப் போட்டிருந்தாலும் மூன்று மாதத்தில் இதே நீலப்புகை. 95 பெற்றோல் மட்டும்தான் என்று டேங்க் மூடியில் பாஸ் தன் கையால் எழுதி ஒட்டினார்.

பூட்டி முடித்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் வந்தா, பிளேன்ரீ ஃபிளாஸ்கோடு. அண்ணா சாவியைத் திருப்பப் போக, பாஸ் கையைத் தட்டிவிட்டார். இக்னிஷன் வயரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் பிடிக்காமல் வெறுமனே சுற்றச் சொன்னார். டர்போவுக்கு முதலில் எண்ணெய் போய்ச் சேர வேணும், காய்ந்த தண்டு சுற்றினால் முதல் நிமிடத்திலேயே முடிஞ்சுது. பத்து செக்கன் சுற்றினார், நிறுத்தினார். திரும்பப் பத்து செக்கன். எண்ணெய்க் குழாயின் முனையைத் தளர்த்தி வைத்துப் பாஸ் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பிரேக் பாத்தாச்சா?" என்று அம்மா கேட்டா.

"பாத்தாச்சும்மா."

மூன்றாவது தடவை குழாயில் ஒரு சொட்டு எண்ணெய் எட்டிப் பார்த்தது. பாஸ் நட்டை இறுக்கிவிட்டு வயரைத் திரும்பக் கொழுவச் சொன்னார்.