கொலொம்பே கிராமத்துக் கல்லறை

நெப்போலியன் சக்கரவர்த்தியின் சமாதியைப் பாரிஸில் தரிசித்த விவரத்தைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். பொன் வேய்ந்த கோபுரத்தின் கீழ், செந்நிறக் கற்பேழையில், சகல வைபவங்களோடும் துயில் கொள்ளும் அவரைக் கண்ட பிறகு, அதே தேசத்தின் மற்றொரு சேனாதிபதியாகிய ஜெனரல் தெகோல் உறங்கும் இடத்தையும் பார்த்துவிட வேண்டுமென்ற ஆவல் மேலிட, கிழக்கே செல்லும் ரயிலேறி, பார்-சூர்-ஓப் என்னும் சிற்றூரில் இறங்கி, வயல்களும் கானகங்களும் மாறி மாறி வரும் சாலையில் மோட்டாரில் கொலொம்பே கிராமம் போய்ச் சேர்ந்தேன்.

மாதா கோயிலை ஒட்டிய சிறிய இடுகாடு அது. கிராமத்தாரின் கல்லறைகளுக்கு நடுவே, ஒரு வெண்கல்லில் 'சார்ல் தெகோல், 1890–1970' என்று பொறித்திருக்கிறது. ஜெனரல் என்றோ ஜனாதிபதி என்றோ ஒரு சொல் கிடையாது.

இது அவரே விதித்த கட்டளை. அரசாங்க மரியாதை வேண்டாம், ஜனாதிபதியோ மந்திரிகளோ வரலாகாது, வாத்தியமும் பிரசங்கமும் கூடா, ராணுவம் மட்டும் ஆடம்பரமின்றிக் கலந்துகொள்ளலாம் என்று 1952 ஜனவரியிலேயே மரண சாசனம் எழுதி வைத்துவிட்டார். எண்பது வயது நிறைய இரு வாரங்கள்கூட இல்லாத நிலையில், 1970 நவம்பர் 9-ஆம் தேதி மாலை, தம் இல்லத்தில் சீட்டுக்களைப் பரப்பி அமர்ந்திருந்தபோது அவர் ஆவி பிரிந்தது. 12-ஆம் தேதியன்று உலகத் தலைவர்களெல்லாம் பாரிஸ் நோத்ர்தாம் பேராலயத்தில் கூடிப் பிரார்த்தனை செய்ய, இங்கே கவச வண்டியொன்றில் வந்த சாதாரண மரப்பெட்டியைக் கிராமத்து வாலிபர்கள் தோளில் சுமந்து சென்றார்கள். குன்றின்மேல் அவர் நினைவாக 1972-இல் எழுப்பிய, 44 மீட்டருக்கும் உயரமான லொரேன் சிலுவை வெகு தூரத்திலிருந்தே தெரிகிறது. தேசத்தின் நன்றியை நான் குறை கூறேன். ஆனால் அவருடைய சித்தத்தை அறிவிப்பது கீழேயுள்ள கல்தான்.

அங்கே ஆன் என்ற பெயரும் இருக்கிறது. அறிவு வளர்ச்சி குன்றிப் பிறந்து, 1948-இல் இருபது வயதில் மறைந்த கடைசி மகள் அவள். இரும்பு நெஞ்சரென்று உலகம் கருதிய அம்மனிதர், அவளைச் சிரிக்கவைப்பதற்காகப் பாடுவாராம், ஆடுவாராம். அவளருகிலேயே தம்மை அடக்கம் செய்ய வேண்டுமென்று சாசனத்தில் எழுதியிருந்ததை எண்ணியபோது, நெடுநேரம் அங்கிருந்து நகர எனக்கு மனம் வரவில்லை.

புதுச்சேரிக்காரனாகிய எனக்கு அவரிடம் வேறொரு பாத்தியதையும் உண்டு. 1940 ஜூன் 18-ஆம் தேதி, தோற்றுச் சரணடையவிருந்த பிரான்ஸை நோக்கி, லண்டன் வானொலியில் போரைத் தொடருமாறு அவர் அறைகூவியபோது, செவிசாய்த்தவர் வெகு சிலரே. அந்தச் சிலரோடு, அதே செப்டம்பரில் கவர்னர் போன்வேன் தலைமையில் எங்கள் புதுச்சேரியும் சேர்ந்துகொண்டது. அதைப் பெருமையோடு பேசிய எங்கள் தெருப் பெரியவர்கள் சார்பிலும் கல்லறைமுன் வணங்கினேன்.

1934-இல் அவர் வாங்கிய லா புவாசெரி இல்லமும், யுத்த நினைவுகளை எழுதிய அறுகோண அறையும் நடந்துபோகும் தூரத்திலேயே இருக்கின்றன. அவற்றை அடுத்த இதழில் வர்ணிக்கிறேன்.