வேகமும் அமானிதமும்



சென்ற மாதம் இஷாத் தொழுகைக்குப் பின் நம் தங்கை மகன் தயங்கியவாறு வந்தான். தன் போலோ ஜிடி டிஎஸ்ஐ காரின் எஞ்சினுக்கு வேகம் கூட்ட வேண்டுமாம். "ஈசியூவை ரீமேப் செய்து, ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் மாற்றினால் போதும் மாமா" என்று கைமாற்றுக் கேட்டான்.

பயான் செய்யவே நா எழுந்தது, அடக்கிக்கொண்டோம். மறுத்தால் வட்டிக்கு வாங்கிவிடுவானோ என்ற அச்சமும் இருந்தது. நமக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் அவனை அழைத்துச் சென்றோம்.

அவர் பொறுமையாக விளக்கினார். 1.2 லிட்டர் எஞ்சின் தரும் 105 பிஎஸ் திறனை, டர்போவின் காற்றழுத்தத்தைக் கூட்டி உயர்த்தலாம். ஆனால் வெப்பமும் கூடும். எரிபொருள் நேரந்தவறி வெடித்தால் பிஸ்டன் பழுதாகும். கிளட்சும் கியர்பாக்ஸும் அந்த இழுவையைத் தாங்க வேண்டும். உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடுக்கிறது.

பின்னர் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் பேடு தேய்ந்து தகடாகியிருந்தது. டயரும் வழுக்கையாக இருந்தது. அவ்வண்டியில்தான் நம் தங்கை வாரந்தோறும் மருத்துவமனைக்குச் செல்கிறாள். அவன் முகம் வெளிறியது.

கேட்ட பணத்தைக் கொடுத்தோம். பிரேக்குக்கும் டயருக்கும் செலவானது. நிறுத்த இயலாத வேகம் திறமையாகாது. வண்டியில் ஏறுவோரின் உயிர் ஓட்டுபவனிடம் அமானிதம் அல்லவா? வீடு திரும்பியதும் நம் பழைய ஸ்கூட்டரின் பிரேக்கை அழுத்திப் பார்த்தோம். அதுவும் தளர்ந்தே இருந்தது.