தெறித்த தண்ணி

எங்கள் ஊர் மேல்மலையனூருக்குப் பக்கம். முழுப்பரீட்சை லீவு விட்டால் சேரிப் பையன்களுக்குக் கிணறுதான் கதி. முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகினோம். அப்புறம் மோட்டார் ரூம் மேலே ஏறி டைவ் அடிப்பது, அந்தர்பல்டி அடிப்பது. சம்மணம் போட்டுக் குதித்தால் தண்ணி மேடு வரைக்கும் எகிறும். எவன் அதிகம் தெறிக்க விடுகிறானோ அவன்தான் கில்லாடி.

கிணறு எங்களுடையதல்ல. அந்த நிலத்தில் நடவு நட்டவள் எங்கம்மா. ஒருநாள் நிலத்துக்காரர் வந்துவிட்டார். மேட்டில் கிடந்த எங்கள் துணிகளைக் குச்சியால் வாரி எறிந்தார். கையால் தொடவில்லை.

"யார் கெணத்துலடா குதிக்கறீங்க? இந்தத் தண்ணியதான்டா நாங்க குடிக்கறோம்."

அரைஞாண் கயிறோடு ஏறி வந்து நின்றோம். அம்மா ஓடிவந்து, "சின்னப் புள்ளைங்க சாமி, தெரியாம செஞ்சிட்டாங்க" என்று காலில் விழுந்தாள். அன்று ராத்திரி முழுக்க மோட்டார் ஓடியது. தண்ணியை வீணாக இறைத்துக் கொட்டினார்கள்.

அடுத்த மாசமே மோட்டாரின் புட்வால்வில் அடைப்பு. எங்கப்பாவைக் கூப்பிட ஆள் வந்தது. மூச்சடக்கி நாலு தரம் முங்கிச் சரி செய்தார். அன்றைக்கும் மோட்டார் ஓடியது, பயிருக்கு. முங்கி வேலை செய்தால் தீட்டில்லை. முங்கி விளையாடினால்தான் தீட்டு.

பிற்பாடு விடுதி டிவியில் ஒலிம்பிக் டைவிங் பார்த்தேன். 1904லிருந்து ஆண்களுக்கும் 1912லிருந்து பெண்களுக்கும் நடக்கிற போட்டி. பத்து மீட்டர் உயரத்திலிருந்து குதித்து, தண்ணி தெறிக்காமல் உள்ளே போனால் மார்க் அதிகம். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் தொண்டை அடைத்தது. எங்களுக்கும் தெறித்த தண்ணிதானே குற்றம்?

1927 மார்ச் 20இல் மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் குடித்தார். பிறகு சாதி இந்துக்கள் 108 குடத்தில் சாணியும் கோமியமும் பாலும் தயிரும் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். எங்கள் ஊரில் அதை மோட்டார் செய்தது. வேறு வித்தியாசமில்லை.

1950இல் வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பொதுக் கிணறு, குளம், படித்துறையில் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்கிறது. அம்மா நட்ட வயலின் கிணறு பொதுவில்லையே. நிலம் எவனுடையதோ, தண்ணியும் அவனுடையது. பிள்ளைகளின் விளையாட்டும் அவன் கையில்.

இப்போது என் மகளுக்கு எட்டு வயசு. "அப்பா, எனக்கு டைவ் அடிக்கச் சொல்லிக்குடு" என்கிறாள்.

எந்தக் கிணற்றில்?