எல்விங்டனில் ஒரு பிற்பகல்

இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள யார்க் நகருக்குச் செல்வோர், அங்குள்ள பேராலயத்தையும் பழைய கோட்டை மதிலையும் கண்டு திரும்புவது வழக்கம். சென்ற கோடையில் லீட்ஸ் நகரில் பணியாற்றும் என் மகனிடம் ஒரு மாத காலம் தங்கியிருந்தபோது, நானும் அவற்றைக் காணவே புறப்பட்டேன். பேராலயத்தினுள் ஒரு நினைவுக் கல் என்னை நிறுத்திவிட்டது. இரண்டாம் உலகப் போரில் யார்க் அருகிலிருந்து பறந்து சென்று மாண்ட பிரெஞ்சு விமானப் படையினருக்காக 2011-ஆம் ஆண்டில் வைக்கப்பட்ட கல் அது.

ஆங்கிலேயரின் கோயிலில் பிரெஞ்சுக்காரருக்குக் கல்லா என்று வியந்தேன். நம் சங்கத்தில் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்து அன்பர்கள் பலர் இருக்கின்றனர். 1940-இல் பிரான்ஸ் வீழ்ந்தபின், அவ்வாண்டு செப்டம்பரிலேயே புதுச்சேரி தெ கோல் பக்கம் சேர்ந்துவிட்ட செய்தியை அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பார்கள். ஆனால் இந்த விமானிகளைப் பற்றி நான் ஒன்றும் அறிந்தவனல்லன்.

"அப்பா, அவர்கள் இருந்த விமானத்தளம் இங்கிருந்து ஏழு மைல்தான். போய் வரலாமா?" என்றான் மகன். கரும்பு தின்னக் கூலியா வேண்டும்!

எல்விங்டன் ஒரு சிறிய கிராமம். வழியெங்கும் கோதுமை வயல்களும் செங்கல் வீடுகளுமாக, மேடு பள்ளமின்றித் தட்டையாகக் கிடக்கிறது பூமி. அந்தத் தட்டை நிலமே அதற்கு வினையாயிற்று. போர்க்காலத்தில் யார்க் சமவெளி முழுவதும் விமானத்தளங்களை அமைத்தார்கள். ஒரு தளத்துக்கும் அடுத்ததற்கும் இடையே தூரம் மிகக் குறைவு. இறங்குவதற்கு முறை பார்த்து வட்டமிடும் விமானங்களின் பாதைகள், பக்கத்துத் தளத்தின் பாதைகளோடு பின்னிக் கிடந்தன. இருளில், மேகத்தில், களைத்துத் திரும்பும் விமானிக்கு இதுவே ஓர் அபாயம்.

தளத்தின் ஒரு பகுதி இன்று விமானக் காட்சிசாலையாக இருக்கிறது. பழைய கட்டுப்பாட்டுக் கோபுரத்தையும், நெளிதகடு வேய்ந்த குடில்களையும் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். நடுக்கொட்டகையில் நிற்கிறது ஒரு ஹாலிபாக்ஸ். நான்கு எஞ்சின்கள் கொண்ட கனத்த குண்டு விமானம் அது. குண்டும் பெட்ரோலும் நிரப்பினால் ஏறத்தாழ முப்பது டன் எடை. இவ்வகை விமானங்கள் ஆறாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டன. இன்று உலகில் எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவையே.

இந்த விமானம் பிறந்த கதையே தனிக் கதை. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் ஒரு குடியானவர், விபத்துக்குள்ளான ஹாலிபாக்ஸ் ஒன்றின் உடற்பகுதியைக் கோழிக்கூடாக வைத்திருந்தார். அதைக் கொண்டுவந்து, வேறொரு வகை விமானத்தின் சிறகுகளை இணைத்து, பல ஆண்டு உழைத்து 1996-இல் முழு உருவாக்கினார்கள். எஞ்சின்கள் பிரெஞ்சு விமானப் படையிடமிருந்து வந்தவை. அதன் ஒரு பக்கத்தில் ஆங்கிலப் படையின் குறியும் மறுபக்கத்தில் பிரெஞ்சுப் படையின் குறியும் தீட்டியிருக்கிறார்கள். கோழிக்கூடாகக் கிடந்ததற்கு வந்த வாழ்வு இது!

இங்கே வந்த பிரெஞ்சுப் படைகள் இரண்டு. கியேன், துனிசி என்று அவற்றுக்குப் பெயர். ஆங்கிலேயர் கணக்கில் அவை 346, 347 என்ற எண்களைப் பெற்றன. தோல்விக்குப்பின் வட ஆப்பிரிக்காவில் தங்கிப்போனவர்கள் இவர்கள். 1942 நவம்பரில் நேசப் படைகள் அங்கு இறங்கியதும் மீண்டும் போரில் சேர்ந்து, கப்பலேறி இங்கிலாந்து வந்தார்கள். பல்லாயிரம் மணி நேரம் பறந்தவர்களும் மறுபடி மாணவராகிப் பயிற்சி பெற்றார்கள். ஒரு வேற்றுமையை மட்டும் விடவில்லை. ஆங்கிலேயரிடம் விமானத்தை ஓட்டுகிறவனே அதன் தலைவன். பிரெஞ்சுக்காரரிடமோ வழி காட்டுகிறவனும், குண்டு வீசுகிறவனும்கூடத் தலைவனாக இருக்கலாம்.

1944-ஆம் ஆண்டு மே மாதத்தில் கியேன் படை எல்விங்டனுக்கு வந்தது. ஜூன் முதல் தேதி இரவு அது முதன்முதலாகப் போருக்குப் பறந்தது. எங்கே? தன் சொந்த நாட்டின் மீது. ஜூன் ஐந்தாந்தேதி இரவு, நார்மண்டியில் நேசப் படைகள் இறங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு, மேய்சி என்ற இடத்திலிருந்த ஜெர்மானியரின் பீரங்கிகள் மீது குண்டு வீசியது. தாய்நாட்டு மண்ணை நான்கு ஆண்டுகளுக்குப்பின் மேலிருந்து காண்கிறவன், அதன் மீது குண்டைப் போடும் பொத்தானை அழுத்தியபோது என்ன நினைத்திருப்பான்! கீழே இருப்பது பகைவன் பீரங்கிதான். ஆயினும் அதன் அருகே இருக்கும் கிராமம் பிரெஞ்சுக் கிராமம் அல்லவா?

பின்னர் அவர்கள் மிகுதியும் சென்றது ஜெர்மனியின் ரூர் பள்ளத்தாக்குக்கு. இரும்பாலைகளும் எண்ணெய் ஆலைகளும் நிறைந்த அவ்விடத்தைச் சுற்றிப் பீரங்கிகளும் தேடுவிளக்குகளும் காடாய் நின்றன. விமானிகள் அதற்குக் கேலியாக வைத்த பெயர் 'இன்பப் பள்ளத்தாக்கு'. கியேன் படையில் குண்டு வீசுவோனாகவும் விமானத் தலைவனாகவும் இருந்த ஜூல் ருவா என்பவர், அந்தப் பெயரையே தலைப்பாக வைத்து 1946-இல் ஒரு நூல் வெளியிட்டார். அது பிரான்சில் ரெனோதோ பரிசு பெற்றது. அல்ஜீரியாவில் பிறந்து, உயிரோடு மீண்ட ஒருவர் எழுதியதால்தான் அவ்விரவுகள் பிரெஞ்சுக்காரர் பலருக்குத் தெரியவந்தன.

1944 நவம்பர் 4 இரவு நிகழ்ந்ததை மட்டும் சொல்கிறேன். போக்கும் நகரத்தின் மீது 749 விமானங்கள் சென்றன. 28 திரும்பவில்லை. கியேன் படை அனுப்பியவை 16. அவற்றில் ஐந்து வரவில்லை. ஒரு விமானத்துக்கு எழுவர் என்றால் முப்பத்தைந்து பேர். அவர்களில் சிலர் பாராசூட் மூலம் குதித்துச் சிறைப்பட்டார்கள் என்பது பின்னால் தெரியவந்தது. அன்று விடியற்காலையில் அந்தக் குடில்களில் இருந்தவர்கள் கண்டது காலிக் கட்டில்களைத்தான். இரு படைகளிலுமாக மாண்டவர்கள் இருநூற்றுக்கும் மேற்பட்டவர்கள்.

எல்லோரும் பகைவன் குண்டுக்கு இரையானவர்கள் அல்லர். பாரம் ஏற்றிய விமானம் கிளம்பும்போது ஓர் எஞ்சின் நின்றால் தப்புவது அரிது. சிறகில் பனி உறைவதுண்டு. நூற்றுக்கணக்கான விமானங்கள் விளக்கின்றி ஒரே திசையில் செல்கையில் ஒன்றோடொன்று மோதுவதும் உண்டு. ஆரம்ப கால ஹாலிபாக்ஸ்களின் வாலில் ஒரு குறை இருந்தது. சில நிலைகளில் திருப்புபலகை ஒரு பக்கமாகச் சிக்கிக்கொள்ள, விமானம் கட்டுமீறிச் சுழன்று விழும். முக்கோண வடிவான நிமிர்சிறகுகளை நீக்கி நாற்கோண வடிவில் அமைத்த பிறகே அக்குறை தீர்ந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் எத்தனை உயிர்கள்! போர் வீழ்ச்சிக்கும் விபத்துக்கும் இராணுவத்தில் தனித்தனிக் கணக்கு. வீட்டுக்கு அந்த வேற்றுமை ஏது?

அந்த வீடுகளை எண்ணியபோதுதான் என் மனம் கனத்தது. ஆங்கில விமானி மாண்டால் மறுநாளே தந்தி போகும். இவர்கள் வந்த காலத்தில் பிரான்சில் ஜெர்மானியர் ஆட்சி. கடிதம் போகாது, வராது. மகன் இருக்கும் நாடே எது என்று அறியாத தாய்மார் உண்டு. பகைவர் தம் குடும்பத்தை வருத்துவார்களே என்று அஞ்சிப் பெயரை மாற்றிக்கொண்டு போரிட்டவர்களும் உண்டு.

இனி அந்தக் கடைசிக் கதை. 1945 மார்ச் 3 இரவு, ஜெர்மனி ஏறத்தாழத் தோற்றுவிட்ட காலம். காமென் நகரத்து எண்ணெய் ஆலையைத் தாக்கிவிட்டுப் பிரெஞ்சு விமானங்கள் வீடு திரும்பின. வீடு என்றால் எல்விங்டன். கடல் தாண்டியாயிற்று, அபாயம் நீங்கிற்று என்று எண்ணிய வேளையில், ஜெர்மன் போர்விமானங்கள் இருளில் அவற்றைத் தொடர்ந்தே இங்கிலாந்துக்குள் நுழைந்துவிட்டன. இறங்குவதற்கு ஏற்றிய விளக்குகளே அவற்றுக்கு வழிகாட்டின. அன்றிரவு மட்டும் இருபதுக்கு மேற்பட்ட விமானங்கள் சொந்தத் தளங்களின் அருகே வீழ்த்தப்பட்டன. எல்விங்டனின் ஹாலிபாக்ஸ்களும் அவற்றில் உண்டு.

எல்விங்டனை ஒட்டித் தாழப் பறந்து இரை தேடிய ஜங்கர்ஸ் 88 ஒன்று, மரத்தில் மோதி அருகிலிருந்த பண்ணை வீட்டின் மீது விழுந்தது. அதிலிருந்த நால்வரும் இறந்தனர். உறங்கிக்கொண்டிருந்த வீட்டாரிலும் உயிரிழந்தோர் உண்டு. அந்தப் போரில் பிரிட்டிஷ் மண்ணில் விழுந்த கடைசி ஜெர்மன் விமானம் அதுவே என்று குறிக்கிறார்கள். அவ்விடத்தில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. பண்ணை வீட்டாருக்கும் வானிலிருந்து விழுந்த பகைவருக்கும் சேர்த்தே வைத்தது.

நாங்கள் வெளியே வந்தபோது மாலை ஐந்து மணி. நீண்ட ஓடுபாதையின்மேல் காற்று வீசிக்கொண்டிருந்தது. போர் முடிந்தபின் அமெரிக்கர்களுக்காக அதை நீட்டினார்களாம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆளில்லை. 1945 அக்டோபரில் பிரெஞ்சுக்காரர்கள் தம் ஹாலிபாக்ஸ்களோடு இங்கிருந்து கிளம்பி போர்தோ நகருக்குப் போய்விட்டார்கள். கிராமத்து நினைவுக் கல்லின் அடியில் யாரோ வைத்த பூச்செண்டு ஒன்று வாடிக் கிடந்தது. வாடி இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும்.

லீட்ஸ் திரும்பியதும் மகனிடம், "உன் தாய்க்கு ஒரு கடிதம் எழுது" என்றேன். "நாள்தோறும் கைப்பேசியில் பேசுகிறேனே, அப்பா?" என்றான். சிறிது நேரம் கழித்துத் தாள் எடுத்து உட்கார்ந்தான். நான் பக்கத்து அறைக்குப் போய்விட்டேன்.